மூன்றாவது வேர்

“எடுத்துப் போட்டுடலாம்மா. இனிமே அதுல ஒன்னும் இல்ல” என்றார் டாக்டர் பஞ்சாட்சரம்.

சொல்லிக்கொண்டே கையுறையை இழுத்து மாட்டினார். யோசனை கேட்பது போலத்தான் குரல் இருந்தது. ஆனால் கேள்வி எதுவும் அதில் இல்லை. நாற்காலியில் வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்த கோமளவல்லியால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். பல் டாக்டர்களுக்கு மட்டும் வாய்த்த வசதி இது. மற்ற டாக்டர்களிடம் நோயாளி எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசலாம். இங்கே வாயே அவர்கள் கையில் இருக்கும்.

“ஆங், எடுத்துடுங்க சார்” என்று காலடியில் நின்றிருந்த மணவாளன் சொன்னான். கட்டின புருஷன். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கோயில் சன்னிதியில் நிற்பவன் மாதிரி நின்றான். பல் அவனுடையது என்றால் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியிருப்பானா என்று கோமளவல்லிக்கு அப்போதே ஆத்திரம் வந்தது.

“நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சிக்கினேன், நூலைப் பல்லால கடிக்காதீங்கன்னு” என்றார் டாக்டர், மணவாளனைப் பார்த்து. பல் வலி இவளுக்கு, புத்திமதி அவனுக்கு. “பொதட்டூர்பேட்டையில இருந்து வர்ற தறிக்காரங்க அத்தனை பேருக்கும் இதே கதைதான். நான் எவ்ளோ நல்லா ரூட் கேனால் பண்ணி கேப் போட்டு அனுப்பினாலும், நீங்க பல்லைக் கத்தரிக்கோலா வெச்சிகினு இருந்தா நான் இன்னா பண்றது?”

கோமளவல்லியின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் கத்தரிக்கோல், நூல் கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகத் தொங்குகிறது. இந்த மனிதர் இதே நாற்காலியில், இதே கீழ்க் கடவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் செய்துவிட்டு, “இனிமே நூல் கடிச்சே, பல்லு போயிடும்” என்று சொன்ன நாளிலிருந்து தொங்குகிறது.

நிர்மலா என்ற உதவிப் பெண் ஊசியைத் தட்டில் வைத்து நீட்டினாள். டாக்டர் கையை நீட்டினார். கோமளவல்லி எழுந்து உட்கார்ந்தாள்.

“இன்னிக்கி வேணாம் சார்.”

“இன்னாமே?” என்றான் மணவாளன்.

“வேணாம்னேன்.”

அந்த நாற்காலியிலிருந்து ஊசி போடும் நேரத்தில் எழுந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. பஞ்சாட்சரம் ஒரு நொடி திகைத்துவிட்டார். அப்புறம் முகம் சிவந்தது. “சீழ் பிடிச்சி மூஞ்சி வீங்கும். அப்போ என்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். இதுவரை இருந்த ‘ம்மா’வும் ‘ங்க’வும் எங்கேயோ போய்விட்டன. கோமளவல்லி அதையும் குறித்துக்கொண்டாள்.

“இப்போ எடுத்தீங்களே எக்ஸ்ரே, அதைக் குடுங்க.”

“அது எங்க ரெக்கார்டுக்கு வேணும்க்கா” என்றாள் நிர்மலா.

“பல்லு யாருது?”

நிர்மலா டாக்டரைப் பார்த்தாள். அவர் எரிச்சலோடு கையை வீசினார். பிரிண்டரிலிருந்து பளபளப்பான தாள் ஒன்று வந்தது. கோமளவல்லி அதை மடிக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திருத்தணி பஸ் நிலையத்திலிருந்து ஊர் போய்ச் சேரும் வரை மணவாளன் ஓயவில்லை. அவன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதில் கூப்பிட்ட ‘பாவா’ கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. அந்த உரிமையில் திட்டு இரண்டு பங்காக வரும்.

“முப்பது வருஷமா ஊர் உலகத்துக்கே பல்லு பாக்குற மனுஷன். அவரு மூஞ்சிக்கு நேரா வேணாம்னு எழுந்து வர்ற. நாப்பத்தாறு வயசுல ஒரு பல்லு போனா இன்னா கெட்டுப்போச்சி? நீ இன்னா சினிமால நடிக்கப் போறியா?”

கோமளவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன கெட்டுப்போகும் என்று அவனுக்குத் தெரியாது. வலது பக்கம் கீழே இரண்டு கடவாய்ப்பல் ஏற்கனவே இல்லை. ஒன்று பெண் பிறந்த வருஷம் போனது, இன்னொன்று அதற்கு நாலு வருஷம் கழித்து. இரண்டு முறையும் “எடுத்துடலாம்மா” என்று யாரோ சொன்னார்கள், இவளும் வாயைத் திறந்து காட்டினாள். அதிலிருந்து மெல்லுவதெல்லாம் இடது பக்கம்தான். இடது பக்கத்தில் மெல்லுவதற்கு நின்று பிடிப்பது இந்த ஒரு பல்தான். இதுவும் போனால் சோற்றைக் குழைத்து விழுங்க வேண்டியதுதான். வேர்க்கடலை இல்லை, கறித்துண்டு இல்லை, கரும்பு இல்லை. இன்னும் இருபது, முப்பது வருஷம் உயிரோடு இருக்கப் போகிறவள் இன்றைக்கே எதற்குக் குழைத்துத் தின்ன வேண்டும்?

அதைவிட எரிந்தது இன்னொன்று. அவள் நூல் கடிக்கவில்லை.

தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையை முடிந்து, நீண்டிருக்கும் வாலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தறியை ஓட்ட வேண்டும். கை இரண்டும் முடிச்சில் இருக்கும்போது மூன்றாவது கை வாய்தான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, வெட்டி, விட்டு, இரண்டு வருஷம் வேலை செய்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் “டெய்லர் அக்கா” என்று கேலி செய்தார்கள். ஒரே ஒரு நாள் மறந்துபோய்க் கடித்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். போன மாதம் பல் மறுபடி வலிக்க ஆரம்பித்தபோது கூட, அந்த ஒரு நாள் கடியைத்தான் நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஷரீப் பாய் மட்டும் வராமல் இருந்திருந்தால் அடுத்த வாரம் அவளே போய் வாயைத் திறந்திருப்பாள். தறி மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றித் தருகிறவர் அவர். திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் கடை. மோட்டார் புகைந்தால் ஊரில் எல்லோரும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். மறுநாள் காலை வந்தவர், இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நம்ம பொண்ணு நஸியா, கடைக்கு மேல மாடியிலதாம்மா கிளினிக் வெச்சிகினு கீது. மெட்ராஸ்ல பெரிய படிப்பு படிச்சிட்டு வந்துச்சி. கெட்டுப்போன ரூட் கேனாலத் தொறந்து மறுபடி பண்றதுதான் அதுக்குப் படிப்பே. போய்க் காட்டேன்.”

“கெட்டுப்போனதை மறுபடி பண்ணலாமா பாய்?”

“மோட்டாரை நான் மறுபடி சுத்தறது இல்ல? தொறந்து பாக்காம செத்துப்போச்சின்னு எப்டிச் சொல்றது?” என்று சொல்லிவிட்டு அவர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்.

கோமளவல்லி யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறினாள். நஸியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பழைய நோயாளி அட்டையையும் எக்ஸ்ரே தாளையும் வாங்கிப் பார்த்தாள். அட்டையில் பஞ்சாட்சரம் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்: “நெசவாளி. நூல் கடிக்கும் பழக்கம்.” பிறகு நிமிர்ந்து, “எந்தப் பல்லால கடிப்பீங்க ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

கோமளவல்லி விழித்தாள். இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இல்லாத நூல் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோய் முன்பல்லால் கடித்துக் காட்டினாள்.

“முன்பல்லா?”

“ஆங். பின்ன? கடவாப்பல்லு வரைக்கும் நூலை உள்ள தள்ளிகினா கடிப்பாங்க?”

சொன்ன பிறகுதான் அவள் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே உறைத்தது. நஸியா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். “அப்போ இந்தப் பல்லுக்கும் நூலுக்கும் இன்னா ஆன்ட்டி சம்பந்தம்?” என்றாள்.

கோமளவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயின் கடைசியில் இருக்கிற பல்லுக்கு, வாசலில் இருக்கிற பல்லின் மேல் பழி. படித்தவர் சொன்னார் என்று அதை நம்பி, ஒரு நாளாவது எந்தப் பல் எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல், கயிற்றில் கத்தரிக்கோலைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே வந்தது.

நஸியா தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். “இப்டி வாங்க, காட்டுறேன். இதான் உங்க பல்லு. கீழ ஓடுதே, இதெல்லாம் வேர். கீழ்க் கடவாப்பல்லுக்கு வழக்கமா முன்னால ஒன்னு, பின்னால ஒன்னு, ரெண்டு வேர்தான் இருக்கும். கொஞ்ச பேருக்கு மூணு இருக்கும். உங்களுக்கு மூணு. எண்ணுங்க.”

எண்ணினாள். மூன்று இருந்தது.

“வேர் உள்ளாற இருக்கிற நரம்பை எடுத்துட்டு மருந்து அடைச்சா, படத்துல வெள்ளைக் கோடா தெரியும். எதெதுல வெள்ளை ஓடுது?”

முன்னால் இருந்த வேரில் ஓடியது. பின்னால் இருந்த பெரிய வேரில் ஓடியது. அதை ஒட்டி வளைந்து இறங்கிய மூன்றாவது வேர் வெறுமனே கிடந்தது. அதன் நுனியில் உளுந்து அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் இருந்தது.

“அதான் சீழ். உள்ள இருக்கிற செத்த நரம்பு ரெண்டு வருஷமா அழுகிகினு இருக்கு” என்றாள் நஸியா.

கோமளவல்லி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தறி ஓட்டுகிறவள் மட்டுமில்லை, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்கிறவள். ஒரு பாவு முடிந்து அடுத்ததை ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியையும் புது இழையின் நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஒரு லுங்கிப் பாவுக்கு இரண்டாயிரத்து நானூறு இழை. ஒன்றை விட்டாலும் துணி முழுக்க, முதல் முழத்திலிருந்து கடைசி முழம் வரை, கோடு விழும். அந்தத் துணியை முதலாளி மூஞ்சியில் விட்டெறிவான். “இழை விட்டுப்போச்சு, உங்க தறிதான் காரணம்” என்று இவள் ஒரு நாளும் சொல்ல முடியாது. உட்கார்ந்து, விட்ட இழையைத் தேடி எடுத்துக் கட்டித்தான் ஆக வேண்டும்.

“டாக்டரம்மா, மூணு எண்ணத் தெரியாதா அவருக்கு?”

நஸியா தாளைக் கீழே வைத்தாள். “மூணாவது வேர் தவறிப்போறது யாருக்கும் நடக்கும் ஆன்ட்டி. எனக்கும் நடக்கலாம். ஆனா மறுபடி வலிக்குதுன்னு வந்தா படத்தைப் பாக்கணும். பாத்துட்டு உங்க மேல பழியைப் போட்டதுதான்…” என்று இழுத்து, மீதியைச் சொல்லாமல் விட்டாள். பிறகு, “திரும்பப் பண்ணிப் பாக்கலாம். நூத்துக்கு எழுபது, எண்பது பேருக்கு நிக்கும். உங்களுக்கு நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்” என்றாள்.

சத்தியம் பண்ண மாட்டேன் என்று ஒரு டாக்டர் சொன்னது கோமளவல்லிக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். மணவாளன் தாளைக் கையால்கூடத் தொடவில்லை. “பஞ்சாட்சரம் சாருக்குத் தெரியாதது மோட்டார் பாய் பொண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்றான்.

“நீயே பாரு பாவா. எண்ணிப் பாரு.”

“எனக்கு இன்னா தெரியும் அதுல? டாக்டர் சமாச்சாரம்” என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனான். அன்றைக்கு மட்டுமில்லை, அப்புறம் அவள் நீட்டிய நாலு முறையும் அந்தத் தாளை அவன் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் பொய் என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

ஆனி மாதக் கடைசியில் நஸியாவிடம் போனாள்; முதல் நாள் வேலை ஒன்றரை மணி நேரம் நடந்தது. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியை மாட்டி, பழைய கேப்பை அறுத்து எடுத்து, உள்ளே அடைத்திருந்த ரோஸ் நிற மருந்தைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டினாள் நஸியா. மூக்குக்கண்ணாடியில் பூதக்கண்ணாடி பொருத்தியிருந்தாள். நெற்றியில் விளக்கு. அப்புறம் தேடல். சத்தமே இல்லாமல், மயிரிழை மாதிரி ஒரு ஊசியை வைத்துக்கொண்டு தட்டித் தட்டித் தேடினாள். பாவில் காணாமல்போன இழையைத் தேடும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று கோமளவல்லி நினைத்துக்கொண்டாள். கழுத்து வலித்தது, தாடை வலித்தது. ஆனாலும் எழ வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“கெடச்சிடுச்சு ஆன்ட்டி” என்றாள் நஸியா.

அந்த வார்த்தையைக் கேட்டதும் கோமளவல்லியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “வலிக்குதா?” என்று பதறினாள் நஸியா. வாயைத் திறக்க முடியாததால், இல்லை என்று கையை ஆட்டினாள். அது ஆத்திரத்தில் வந்த கண்ணீர். இருந்தது. இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்தது. தேடினால் கிடைத்திருக்கும்.

உள்ளே மருந்து வைத்து, தற்காலிகமாக மூடி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னாள். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே கன்னம் வீங்கியது. இரண்டு நாள் உயிர் போனது. “நான் சொன்னேன்ல? இப்போ இன்னா சொல்ற?” என்று மணவாளன் வந்து வந்து கேட்டான். முதல் இரண்டு, மூன்று நாள் அப்படி இருக்கும் என்று நஸியா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். இருந்தாலும் கோமளவல்லிக்கு உள்ளுக்குள் பயம்தான். பல்லும் போய், வீம்புக்காரி என்ற பேரும் வந்தால் இந்த வீட்டில் மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவது? மூன்றாம் நாள் காலை எழுந்து வாசல் தெளித்து முடித்த பிறகுதான், வலியை நினைக்காமலே இவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று கவனித்தாள். கண்ணாடியில் பார்த்தாள். ஈறில் இருந்த சீழ்க் கொப்புளம் வற்றிப்போயிருந்தது.

இரண்டாவது முறை வரச் சொன்ன நாள் ஆடிக் கிருத்திகையாக வந்து விழுந்தது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். காவடியும் அரோகராவும் மஞ்சள் துணியுமாகப் போகிற கூட்டத்தோடு கோமளவல்லியும் நடந்தாள். மலையடிவாரத்தில் எல்லோரும் படிப் பக்கம் திரும்ப, இவள் மட்டும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அரக்கோணம் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். நின்று, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். “முருகா, கோச்சிக்காத. அடுத்த கிருத்திகைக்கு வரேன். டாக்டரம்மா காத்துகினு இருப்பாங்க.” நஸியா நிஜமாகவே காத்திருந்தாள். அன்றைக்கு மூன்று வேரையும் அடைத்து, படம் எடுத்துக் காட்டினாள். மூன்று வெள்ளைக் கோடு ஓடியது. அடுத்த வாரம் புது கேப். “ஆறு மாசம் கழிச்சி வாங்க, அந்தக் கறுப்பு போச்சா பாக்கணும். அது வரைக்கும் ஜாக்கிரதையா மெல்லுங்க” என்றாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கோமளவல்லியும் பஞ்சாட்சரத்தின் வாசல் பக்கமே போயிருக்க மாட்டாள். அவராகத்தான் அவள் ஊருக்கு வந்தார்.

ஆவணியில் பொதட்டூர்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் நெசவாளர்களுக்கு இலவசப் பல் முகாம். ஏற்பாட்டில் மணவாளனும் ஒரு ஆள். மைக் பிடிப்பது அவன்தான். ஊரில் எந்த விசேஷத்துக்கும் அவன் குரல்தான். “நம்ம டாக்டர் நம்ம ஊருக்கே வராரு” என்று இரண்டு நாளாகப் பூரித்துக்கொண்டிருந்தான். கோமளவல்லி போகக் கூடாது என்றுதான் இருந்தாள். தெருவே கிளம்பிப் போனதால் போனாள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடையில் ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்த பேனர் கண்ணில் பட்டது. ‘நூலைக் கடிக்காதீர், பல்லைக் கெடுக்காதீர்’ என்று மேலே சிவப்பு எழுத்து. கீழே ஒரு பல்லின் எக்ஸ்ரே. அதற்கும் கீழே ‘நூல் கடிக்கும் பழக்கத்தால் சீழ் பிடித்த ஒரு நெசவாளியின் பல்’ என்று போட்டிருந்தது.

தான் நெய்த துணியை நூறு துணிக்கு நடுவில் வைத்தாலும் நெய்தவளுக்குத் தெரியும். அந்தத் தாளை இத்தனை மாதமாகத் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தவளுக்கு அந்தப் பல்லைத் தெரியாதா? முன்னால் ஒரு வேர், பின்னால் ஒன்று, ஒட்டி வளைந்து இறங்கும் மூன்றாவது. நுனியில் கறுப்பு வட்டம், இப்போது தாம்பாளம் அளவுக்கு. அவளுடைய பல்லை, அவளைக் கேட்காமல், அவள் ஊரிலேயே, அவள் சனங்களுக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அந்த மனிதர்.

பஞ்சாட்சரம் ஒரு குச்சியால் பேனரைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருந்தார். “பாத்தீங்களா? பழக்கம் எவ்ளோ பெரிய நாசம் பண்ணுதுன்னு. இந்தம்மாவுக்கு நான் எத்தினியோ சொன்னேன், கேக்கல.”

“அந்தம்மா நான்தான்” என்றாள் கோமளவல்லி.

எழுந்து நடந்து மேடைக்குக் கிட்டே போய்விட்டாள். டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். “வாங்கம்மா வாங்க. உங்களுக்கும் பல்லு வலியா?” என்றார். அவருக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. பல்லை ஊர் ஊராகக் காட்டத் தெரிகிறது, பல்லுக்குச் சொந்தக்காரியைத் தெரியவில்லை. அவள் படியேறி மேடைக்கே போனாள்.

“அது என் பல்லு சார். நீங்க ரூட் கேனால் பண்ணது. வைகாசியில எடுத்துப் போட்டுடலாம்னீங்க, நான் எழுந்து வந்துட்டேன்.” பையிலிருந்து தாளை எடுத்து உயர்த்திக் காட்டினாள். பிறகு மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். எதிரே நூறு பேருக்குக் குறையாமல் பெண்கள், அத்தனை பேரும் தறிக்காரர்கள், பாவு பிணைக்கிறவர்கள். விட்டுப்போன இழையைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண்கள்.

“இந்தப் பல்லுக்கு எத்தினி வேரு இருக்குது, எண்ணுங்க.”

கொஞ்சம் சலசலப்பு. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல் “மூணு” என்றது. பின்னாலிருந்து நாலைந்து பேர் “மூணு, மூணு” என்றார்கள்.

“மருந்து அடைச்சா வெள்ளையா ஓடுமாம். எத்தினியில ஓடுது?”

“ரெண்டுல.”

“கறுப்பு எங்க இருக்குது?”

“ஓடாததுல” என்றாள் யாரோ ஒருத்தி.

“இந்தாம்மா, இதெல்லாம் மெடிக்கல் விஷயம். படத்துல நிழல் அப்படித்தான் தெரியும். உனக்கு இன்னா புரியும்?” என்றார் பஞ்சாட்சரம். பிறகு மைக்கோடு நின்ற மணவாளனைப் பார்த்து, “யாருப்பா இது, இட்டுகினு போ” என்றார்.

கோமளவல்லியும் அவனைத்தான் பார்த்தாள். “நீ சொல்லு பாவா. நான் நீட்டும்போதெல்லாம் பாக்கல. இப்போ உன் எதிர்க்கவே ஆள் ஒசரத்துக்குத் தொங்குது. எத்தினி வேரு?”

மணவாளன் டாக்டரைப் பார்த்தான். பிறகு பேனரைப் பார்த்தான். அவனும் முப்பது வருஷம் தறி ஓட்டியவன். பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க அவனால் முடியவில்லை. உதடு அசைந்தது. கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டான்.

“மூணு” என்றது மண்டபம் முழுக்கக் கட்டியிருந்த ஸ்பீக்கர். “ரெண்டுலதான் ஓடுது சார். ஒன்னை வுட்டுட்டீங்க.”

“கேட்டீங்களா?” என்றாள் கோமளவல்லி. “ரெண்டாயிரத்து நானூறு இழை பிணைக்கிறோம் சார் நாங்க. ஒன்னு வுட்டா ஒக்காந்து தேடிக் கட்டிக் குடுக்கறோம். உன் தறி சரியில்லன்னு எவன் மேலயும் பழி போடறதில்ல. நீங்க மூணுல ஒன்ன வுட்டுட்டு, பழியை என் வாயில போட்டீங்க. ரெண்டு வருஷம் அதை நம்பிகினு இருந்தேன். அப்புறம் ஒரு டாக்டரம்மாதான் மூணாவதையும் தேடி மறுபடி அடைச்சிக் குடுத்தாங்க. ஏம்மா, நீங்கல்லாம் எந்தப் பல்லால நூலைக் கடிப்பீங்க? காட்டுங்க.”

நூறு கைகள் வாய்க்குப் போயின. நூறு விரல்களும் முன்பல்லைத் தொட்டன. பஞ்சாட்சரத்தின் குச்சி இன்னும் கடவாய்ப்பல் மேலேயே இருந்தது. அவர் அதை மெதுவாகக் கீழே இறக்கினார்.

பழக்கத்தில் இன்னும் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கோமளவல்லி அவிழ்க்கப் பார்த்தாள். இரண்டு வருஷ வியர்வையில் முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. விரலுக்கு அசையவில்லை. கயிற்றை இழுத்து வாயருகே கொண்டுபோய், முன்பல்லால் ஒரே கடி கடித்தாள். அறுந்தது. வாலைத் துப்பிவிட்டு, கத்தரிக்கோலை அவருடைய கையுறைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“இதை நீங்களே வெச்சிக்குங்க சார்.”

இறங்கி வரும்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். “எக்கா, உனக்கு மறுபடி பண்ண டாக்டரம்மா எங்க கீறாங்க?” என்று கேட்டாள்.

கோமளவல்லி வாயைத் திறப்பதற்குள் ஸ்பீக்கர் முந்திக்கொண்டது.

“திருத்தணியில, அரக்கோணம் ரோட்டுல, மோட்டார் ஷரீப் பாய் கடைக்கு மாடியில” என்று மணவாளன் சொன்னான். பின்வரிசைக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னான்.